கசப்புத் தண்ணீரும் எட்டுப் பத்து வண்டியும்

ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தேங்காய்ச் சட்னிக்குத் தாளிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த வேளையில், அஞ்சறைப்பெட்டியில் கடுகு தீர்ந்துபோயிருந்ததைக் கண்ட குழல்வாய்மொழிக்கு, விடியற்காலையில் படுக்கையை உதறும்போது கணவரின் தலையணையில் ஒரு கைப்பிடிக் கடுகு கிடந்ததும், அது எப்படி அங்கே வந்தது என்று யோசிக்க நேரமில்லாமல் அதை ஒரு கிண்ணத்தில் அள்ளி வைத்ததும் நினைவுக்கு வந்தன. கிண்ணத்தை எடுத்து வாணலிக்கு மேலே சாய்த்தாள். கடுகுகள் கையைத் தூக்கின.

ஒவ்வொரு கடுகுக்கும் பத்துப் பன்னிரண்டு கைகள் இருந்தன. ஒவ்வொரு கையும் கொத்துமல்லிப் பூங்கொத்தைப் போல நுனியில் கிளைத்துக் கிளைத்துப் பிரிந்திருந்தது. சுருண்டு கிடந்தவரை கடுகாக இருந்தவை கையை விரித்ததும் சீரகத்தின் அளவுக்கு வளர்ந்து, நெருக்கியடித்துக்கொண்டு கிண்ணத்தின் விளிம்புக்கு ஏறின. முன்னால் நின்ற ஒன்று, "மொதல்ல அடுப்ப அணைங்கம்மா, பெறவு பேசுவோம்" என்றது. முப்பத்து மூன்று வருடம் ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற குழல்வாய்மொழிக்கு, எதிரில் இருப்பவர்கள் கை தூக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். அடுப்பை அணைத்தாள். "ஒருத்தர் ஒருத்தரா எந்திரிச்சுப் பேசுங்க" என்றாள்.

"நாங்க சார் தலைக்குள்ள துப்புரவு வேலை பாக்கவங்க. நாப்பத்தோரு பேரு. நான் மேஸ்திரி" என்றது முன்னால் நின்றது.

சார் என்று அது சொன்னது குழல்வாய்மொழியின் கணவர் கோமதிநாயகத்தை. தென்மலைக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர் அவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது, தாமதம் என்றால் என்ன காரணம் என்று கட்டம் போட்ட பேரேட்டில் எழுதி, ஒரு நிமிடத்துக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் ஓட்டுநர்களைப் பேனாவைக் காட்டியே பிரித்துவிட்டவர். நிலையத்தின் வெளிவாசலுக்கு நேர் எதிரே இருந்தது அவர்கள் வீடு. மூன்று வருடமாக அவருக்கு அல்சைமர். பெயர்கள் முதலில் போயின, பிறகு கிழமைகள், பிறகு கழிவறைக்குப் போகும் வழி.

"குப்பை சேரத்தான் செய்யும், எல்லாத் தலையிலயும் சேரும்" என்றது மேஸ்திரி. "பிசின் மாதிரி ஒட்டிக்கிடும், சொரண்டி அள்ளுவோம். அதுல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. தண்ணிதாம்மா குறை. கசப்புத் தண்ணி. காலையில ஏறும், பொழுது சாய வடியும், அதுதான் மொறை. இப்ப வடியவே மாட்டேங்கு. இடுப்பளவு நிக்கி. தண்ணி நின்னா எங்களுக்குக் கை சுருங்கிரும். கை சுருங்கினவன் ஒண்ணு, நின்ன எடத்துல மரம் மாதிரி நிப்பான். இல்ல, வெறி புடிச்சு நல்லது கெட்டது தெரியாம எல்லாத்தையும் வாரி எறிவான். போன வாரம் சாரோட தங்கச்சி கல்யாணத்த வாரிப்புட்டானுவ."

"அதான் ஞாயித்துக்கிழமை வந்த தங்கச்சி மாப்பிள்ளையப் பாத்து, கரண்டு மீட்டர் பாக்க வந்தீரான்னு கேட்டாரா?"

"பந்தலோட போச்சும்மா. நாதஸ்வரம், பூசணிக்காச் சாம்பார், ஒண்ணு மிச்சமில்ல."

நல்ல வேலைக்காரர்கள் கெட்ட வேலை செய்ய நேர்ந்தால் எவ்வளவு வெட்கப்படுவார்களோ அவ்வளவு வெட்கத்தோடு நாற்பத்தொரு பேரும் தலைகுனிந்து நின்றார்கள். இனி இப்படி வேலை பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடம் வரை கூடத்துச் சன்னலில் உட்கார்ந்திருப்போம். அதற்குள் தண்ணீர் கரண்டைக்கால் அளவுக்கு வடிந்தால் உள்ளே போவோம், வடியாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மேஸ்திரி நிதானமாகச் சொன்னது.

"நீங்க போயிட்டா என்ன ஆகும்?"

"உள்ள உங்களுக்குன்னு ஒரு தெருவு இருக்கு டீச்சர். குப்பை இப்ப அதுக்கு முந்தின தெருவு வரைக்கும் வந்து நிக்கி."

குழல்வாய்மொழி கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய்ச் சன்னல் திண்டில் வைத்தாள். அன்றைக்குச் சட்னி தாளிக்காமலேயே பரிமாறப்பட்டது.

உள்ளூர் டாக்டர் ஜெபமணி மாலையில் வந்து, லென்ஸை வைத்துக் கிண்ணத்தைப் பார்த்தவுடன், "சாப்பிட என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். நீராகாரம் என்றதும் தலையசைத்தார். "மைக்ரோகிளியான்னு இவங்களுக்குப் பேரு. மூளைக்குக் காவல்காரங்களும் இவங்கதான், துப்புரவுக்காரங்களும் இவங்கதான். கசப்புத் தண்ணின்னு சொல்றாங்களே, அது கார்ட்டிசால். பயந்தா, பதறினா சுரக்கிறது. புலி துரத்தும்போது ஓடறதுக்குத் தேவைதான். புலி வீட்டோட தங்கிட்டாத்தான் தொந்தரவு."

"மருந்து எழுதுங்க டாக்டர்."

"வெளிய வந்தவங்கள உள்ள அனுப்ப என்கிட்டச் சீட்டு இல்ல, டீச்சர். சாருக்குப் பயம் வராமப் பாத்துக்கணும். இன்னொண்ணையும் சொல்லிடறேன், ஏற்கெனவே வாரிக் கொட்டினது திரும்பி வராது. இருக்கிறதக் காப்பாத்தலாம்." இவ்வளவும் சொன்ன பிறகு, வந்த டாக்டர் ஒன்றும் எழுதாமல் போனால் வீட்டுக்காரர்களுக்கு மனசு கேட்காது என்பதை அறிந்தவராதலால், சீட்டை எடுத்து, 'நிம்மதி – மூன்று வேளை – உணவுக்கு முன்னும் பின்னும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை பொழுது விடிவதற்குள் தெருவுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. வெயில் படக்கூடாதென்று யாரோ ஒரு கைக்குட்டையை நாலு தீக்குச்சியில் கட்டிப் பந்தல் போட்டார்கள். யாரோ ஊதுபத்தி கொளுத்தினார்கள். யாரோ திண்டில் குங்குமம் வைத்துவிட்டார்கள். தெருவைப் பெருக்கிக்கொண்டு வந்த மாடத்தி, நகராட்சித் துப்புரவுப் பணியாளர் சங்கத்தின் வட்டச் செயலாளரும் ஆவாள். விளக்குமாற்றை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து இதையெல்லாம் பார்த்தாள்.

"எவ குங்குமம் வச்சது? வேலையாளுக்குக் குங்குமம் வச்சா கோரிக்கை தீந்துருமா? அழிங்க மொதல்ல." பிறகு குனிந்து, தன் ஆட்களிடம் பேசுகிற அதே குரலில் மேஸ்திரியிடம் விசாரித்தாள். "கையுறை குடுக்காவளா?"

"ஆளுக்குப் பன்னெண்டு கை இருக்கு. எத்தனை சோடின்னு கேக்கது?"

"அது உள்ளதுதான்." மாடத்தி கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நாப்பத்தோரு பேருக்கு ஒரே மேஸ்திரி! எங்களுக்கு ஏழு பேருக்கு நாலு மேஸ்திரி. நீங்க குடுத்து வச்சவுக."

அன்று காலை இசக்கியம்மாளின் தேநீர்க்கடையில் தெருக்கூட்டம் நடந்தது. இசக்கியம்மாள் நிலையத்தின் இந்தக் கோடியில் நின்று 'ரெண்டு டீ' என்றால் அந்தக் கோடியில் புறப்படும் வண்டியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவளே கண்ணில் நீர் மல்க எழுந்து நின்று, சார் பதறுவது சத்தத்தால்தான், முப்பத்தோரு வருடச் சத்தம் அந்த மனிதரின் தலைக்குள்ளே தேங்கிப்போயிற்று, இனி வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்தத் தெருவில் ஒரு ஊசி விழக்கூடாது என்று சொன்னபோது மறுத்துப் பேச ஒருவருமில்லை.

அந்தத் தெரு எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யாது. நிலையத்து ஒலிபெருக்கியின் வாயில் ஈரச் சாக்கைத் திணித்தார்கள். நடத்துநர்கள் விசில் ஊதுவதை விட்டுக் கைத்துண்டை ஆட்டி வண்டியைக் கிளப்பினார்கள். ஓட்டுநர்கள் ஹாரனைத் தொடாமல் தலையை வெளியே நீட்டி வழிமறித்தவர்களைக் கும்பிட்டார்கள். குக்கர்கள் விசில் அடிக்கும் தறுவாயில் அடுப்பிலிருந்து இறக்கப்பட்டதால் தெரு முழுக்க அரைவேக்காட்டுச் சோற்றைத் தியாக உணர்வோடு தின்றார்கள். குழாயடியில் பாதியில் நின்ற ஒரு சண்டையைத் துண்டுச் சீட்டில் எழுதி எழுதித் தொடர்ந்தார்கள், சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் இரண்டு பக்கமும் படித்துப் பார்த்தே கொடுத்தாள். இசக்கியம்மாள் கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, வேண்டியவர்களுக்கு வேண்டியதையும் வேண்டாதவர்களைப் பற்றிய வசவையும் அதில் எழுதிக் காட்டினாள். யாரைக் கண்டாலும் குரைக்கிற நாய்க்கு வெண்ணெய் பிஸ்கட் வாங்கிப் போட்டு, அது குரைக்க வாயைத் திறக்கும் போதெல்லாம் இன்னொன்று போட்டார்கள். மதியத்துக்குள் தெரு, சாமி ஊர்வலம் போன மறுநாள் போல ஆனது.

மதியத்திலிருந்து கோமதிநாயகம் உட்காரவில்லை. வெளிக்கதவுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், போட்டார். வருகிற போகிறவர்களை நிறுத்தி, "வண்டி வரலியா?" என்று கேட்டார். எல்லாரும் உதட்டில் விரலை வைத்துப் புன்னகைத்து நகர்ந்தார்கள். "வண்டி வரலியா? ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவளே" என்று தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டார். சாயங்காலம் குழல்வாய்மொழி சன்னலைப் பார்த்தபோது சீரகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இறுகிய கடுகு. எண்ணிப் பார்த்தாள். முப்பத்தாறு.

"அஞ்சு பேரு போயிட்டானுவ" என்றது மேஸ்திரி, கையை முழுக்க விரிக்க முடியாமல். "பேங்க் மேனேஜர் தலையில எடம் காலியா இருக்காம். சாப்பாட்டுக்குப் பெறவு தூங்குத ஆளாம். நெஞ்சளவு தண்ணி நிக்கி டீச்சர். நான் என்ன சொல்லி நிறுத்தட்டும்?"

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சாமித்துரை வந்தார். ஆவுடையாபுரம் போகிற தனியார் வண்டியின் ஓட்டுநர் அவர். அதே வண்டியில் கிளீனராகச் சேர்ந்தவர். நான்கு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பியிருந்தார். மாடத்தி திண்டருகே முப்பத்தாறு பேரிடம் தாழ்ந்த குரலில் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், தெருவே மண்ணடிச்சுக் கெடக்கு? யாரு செத்தா?" என்றார் சாமித்துரை, ஊரெல்லாம் கேட்க.

"மெல்ல! சாருக்குச் சத்தம் ஆகாதுன்னு…" என்றாள் மாடத்தி.

"சத்தம் ஆகாதா? சாருக்கா?" சாமித்துரை சிரிக்கத் தொடங்கி, வாசலில் நின்ற கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நல்ல கூத்து பண்ணியிருக்கிய. டைம்கீப்பருக்கு எதும்மா பயம்? சத்தமில்லாத ஸ்டாண்டுதானே பயம். சத்தம் இல்லைன்னா வண்டி வரலைன்னு அர்த்தம். ஒரு கார்த்திகை மாச மழையில கடைசி வண்டி ஆறு மணி நேரம் வரல. ஸ்டாண்டுல ஈ காக்கா இல்ல. சார் பச்சைத் தண்ணி பல்லுல படாம வாசல்லயே நின்னாரு. கடைசியில பாத்தா, வண்டியில ஒரு பொம்பளைக்கு வலி வந்து, டிரைவர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிட்டான். அன்னைக்குப் பொறந்த பய இப்ப என் வண்டியிலதான் கண்டக்டர், டிக்கெட்டும் ஒழுங்காக் கிழிக்கத் தெரியாது. ஆறு மணி நேரத் தாமதத்துக்குக் காரணம் போடணும்லா? சார் பேரேட்டுல எழுதுனாரு, 'ஆண் குழந்தை'ன்னு."

மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காரணக் கட்டத்த வெறுமனே விடமாட்டாரு. ஒரே ஒரு வண்டிக்குத்தான் எங்களுக்கு வெளங்கல. நான் கிளீனரா இருந்தப்ப, எங்க எட்டுப் பத்து வண்டி ரெண்டு வருசம் தெனமும் எட்டுப் பன்னெண்டுக்குத்தான் கெளம்பும். 'எஞ்சின் சூடு'ன்னு எழுதுவாரு. மொதலாளி எஞ்சின மூணு தடவ எறக்கிப் பிரிச்சாரு. ஒரு கோளாறும் இல்ல!"

"அந்த வண்டியிலதான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன், கல்யாணத்துக்கு முன்னால. என்னமோ ஒரு நாள்கூட வண்டிய விட்டதில்ல, அந்த மட்டுக்கும் அதிர்ஷ்டம்" என்றாள் குழல்வாய்மொழி, சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பத்துப் பத்து. நேரம் தவறாதவளாகையால் அலமாரியிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்துக்கொண்டு, கணவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து எதிரில் உட்கார வைத்தாள்.

இந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோய் தெரிந்த நாள் முதலாக, பயிற்சி விட்டுப்போனால் எல்லாம் விட்டுப்போகும் என்று மாணவர்களுக்குச் சொன்ன அதே நம்பிக்கையில், தினமும் பத்துப் பத்துக்கு அவள் அவருக்குப் பத்துக் கேள்வி வைத்தாள். இன்றைக்கு என்ன கிழமை, மாவட்ட ஆட்சியர் ஆணா பெண்ணா, நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், கடைசியில் எப்போதும், நான் யார். சரியென்றால் ஒரு குறி, தப்பென்றால் வட்டம். அன்பில்லாமல் இல்லை; அன்பு அவளிடம் அந்த உருவத்தில்தான் இருந்தது.

"இன்னைக்கு என்ன கிழமைங்க?"

கோமதிநாயகத்தின் விரல்கள் பொத்தானுக்குப் போயின. "இன்னைக்கு… சொல்லிருவேன். இருங்க."

"சரி. நான் யாரு?"

அவர் அவளை மிகவும் மரியாதையோடு பார்த்தார். தப்பாகச் சொன்னால் இந்த அம்மாள் வட்டம் போட்டுவிடுவாள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. "நீங்க… பெரிய ஆபீசர்" என்றார்.

சன்னல் திண்டிலிருந்து படபடவென்று சத்தம் கேட்டது. முப்பத்தாறு கடுகும் துள்ளி உருண்டு தரையில் சிதறின.

"ஏறுது! ஏறுது! கழுத்துக்கு வந்துட்டு!" என்று கத்தியது மேஸ்திரி. "தெனமும் இதே நேரத்துக்கு மடைய ஒடைச்சு விட்டாப்ல வருதே, எங்கேருந்து வருதுன்னு தெரியலையேன்னு நானும் மூணு வருசமாப் பாக்கேன்!"

மாடத்தி தரையில் உட்கார்ந்து கடுகுகளை ஒவ்வொன்றாக முந்தானையில் பொறுக்கினாள். நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள்: "தப்பா நெனைக்காதிய டீச்சர். உங்ககிட்ட ஆறாப்பு படிச்சவ நான். பரிச்சைன்னு நீங்க நோட்ட எடுத்தா நான் இப்பவும் கடைசி பெஞ்சத் தேடுவேன். சாருக்குத் தெனமும் பரிச்சை, தெனமும் பெயிலு. பாவம், வீடே பள்ளிக்கூடமாயிட்டா, லீவு லெட்டர் குடுக்கவாவது அவருக்கு வேற ஒரு வீடு வேண்டாமா?"

குழல்வாய்மொழி நோட்டைப் புரட்டினாள். மூன்று வருடத்து வட்டங்கள், பக்கம் பக்கமாக, குளத்தில் மழை விழுந்ததைப் போல இருந்தன. மற்றவர்கள் போன பிறகு மேஸ்திரியின் அருகே போய் உட்கார்ந்தாள்.

"என் தெருவுன்னு சொன்னீங்களே. அதுல என்ன இருக்கு?"

"நெறையப் போயிட்டு டீச்சர். உங்க பேரு போயிட்டு. வீடு பாதி இருக்கு. ஆனா தெருக்கோடியில ஒரு பஸ்ஸு நிக்கி, எஞ்சின் ஓடிக்கிட்டே. வெறி புடிச்சவன்கூட அத வாரமாட்டான், கிட்டப் போனா கதகதன்னு இருக்கும், குளிர் காஞ்சுட்டு வந்துருவான். எதுக்கு நிக்கின்னுதான் எங்களுக்குத் தெரியல."

அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் செய்ய வேண்டியது தெரிந்தது. நீல நோட்டில் மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்களை எடுத்து, அடிக்கோல் வைத்து, நான்கு கட்டம் கிழித்தாள்: போன நேரம், வந்த நேரம், பெயர், காரணம். பென்சிலைச் சீவினாள். வெளிக்கதவருகே நாற்காலியைப் போட்டு, அவர் மடியில் நோட்டை வைத்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே போய் நின்று, உள்ளே நுழைந்தாள். "வந்தாச்சு சார்" என்றாள்.

கோமதிநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பென்சிலின் நுனியை நாக்கில் தொட்டார். எழுதினார். அடுத்த ஆளுக்காகத் தலையை நிமிர்த்தினார்.

அன்று மாலைக்குள் ஈரச் சாக்கு இறங்கியது, ஒலிபெருக்கி, இரண்டு நாள் வாய்மூடி இருந்த கோபத்தையும் சேர்த்து, எல்லா ஊர்ப் பேரையும் ஒரே மூச்சில் சொன்னது, குக்கர்கள் கூவின, எழுத்தில் நடந்த குழாயடிச் சண்டை பழையபடி வாய்க்குத் திரும்பியதில் இரு தரப்புக்கும் பெரிய ஆறுதல், இசக்கியம்மாள் சிலேட்டைத் தூக்கிப் பரணில் எறிந்துவிட்டு, "சாருக்கு ஒரு டீ, சீனி கம்மி!" என்று கத்தியதில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நாய்க்குப் புரையேறியது. தெருவில் எவர் வெளியே போனாலும் சார் வீட்டுக் கதவருகே நின்று போகிற காரணத்தைச் சொன்னார்கள், எவர் திரும்பினாலும் வந்து 'வந்தாச்சு சார்' என்று பதிந்தார்கள். கோயிலுக்குப் போனவர்கள் பதிந்தார்கள், முடி வெட்டப் போனவர்கள் பதிந்தார்கள், மாமியாரோடு கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிய ஒருத்தி காரணக் கட்டத்தில் என்ன எழுதச் சொல்வதென்று தெரியாமல் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாள். போன ஒவ்வொருவரும் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு விரற்கடை தண்ணீர் இறங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவர் பொத்தானைத் தொடவேயில்லை. திண்டில் கடுகுகள் சீரகமாகிச் சோம்பல் முறித்தன.

"முழங்காலளவு" என்றது மேஸ்திரி. "கரண்டைக்கு எறங்கணும். பேச்சு பேச்சுதான். நாளைக்குப் பத்துப் பத்து."

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் குழல்வாய்மொழி, 'கடைக்கு' என்று பதிந்துவிட்டுப் புறப்பட்டாள். வீட்டில் நான்கு நாளாகக் கடுகு இல்லை. பலசரக்குக் கடைக்காரர் அன்றைக்கென்று மெதுவாகத் திறந்து, மெதுவாகச் சாமி கும்பிட்டு, மெதுவாகப் பொட்டலம் கட்டினார். அவள் வெளியே வந்தபோது நிலையத்துக் கடிகாரத்தில் எட்டு ஒன்பது. போன நேரம் எழுதியிருக்கிறது, வந்த நேரம் எழுதவில்லை. வராத வண்டிக்கு அவர் எப்படி நிற்பார் என்பதைச் சாமித்துரை சொல்லியிருந்தார். பத்துப் பத்துக்கு முன்னால் தண்ணீர் திரும்ப ஏறிவிடுமே என்ற நினைப்பில், அறுபத்தொரு வயதில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓடினாள்.

நிலையத்தின் வெளிவாசலில் ஆவுடையாபுரம் வண்டி பாதி உடம்பை வெளியே நீட்டியபடி நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால், நடுச் சாலையில், நோட்டை இடுக்கிக்கொண்டு, வலது கையைத் தூக்கியபடி நின்றார் கோமதிநாயகம். அந்த முகத்தில் பதற்றம் இல்லை.

"சார், எட்டுப் பத்து ஆயிட்டு! பின்னால அடுத்த கம்பெனிக்காரன் ஹாரன் அடிக்கான்!" என்று மேலேயிருந்து கெஞ்சினார் சாமித்துரை.

"அடிக்கட்டும். ரெண்டு நிமிசம்."

"என்னத்துக்கு சார்?"

"டீச்சரம்மா வரல" என்றார் கோமதிநாயகம். "புதுசா வேலைக்கு வந்திருக்காங்க. ரெண்டு நிமிசம் பிந்தித்தான் வருவாங்க. இந்த வண்டிய விட்டா அடுத்த வண்டி பத்தரைக்குத்தான், பெரிய வாத்தியார் ஏசுவாரு. வெளிய சொல்லாத. எஞ்சின் சூடுன்னு போட்டுக்கிடலாம்."

சாமித்துரை எஞ்சினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து, அதன் மேல் தாடையை வைத்து, மூன்று தடவை பிரித்துப் பார்த்த அந்தப் பழைய எஞ்சினை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஹாரன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, தெரு கல்யாணவீடு போல இரைந்தது.

மூச்சிரைக்க வந்து நின்ற குழல்வாய்மொழியை அவர் பார்த்தார். பேர் தெரியவில்லை, உறவு தெரியவில்லை. ஆனால் அவர் எதிர்பார்த்திருந்த ஆள் வந்துவிட்டாள். "பதறாம ஏறுங்கம்மா" என்று படிக்கட்டைக் காட்டினார். "வண்டி எங்கயும் போயிராது."

அவள் ஏறினாள். அந்த நேரத்தில் செய்ய வேறெதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் எந்த இருக்கையில் உட்காருவாளோ அதே இருக்கையில், கடுகுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு மணி நேரத் தாமதத்துக்குக் காரணமாகப் பிறந்த நடத்துநர் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்து, டிக்கெட் கேட்காமல் போய்விட்டான். ரயில்வே கேட் நிறுத்தத்தில் இறங்கி, அழுததைத் துடைத்து, துடைத்ததற்குச் சிரித்து, அரை மணி நேரம் நடந்து திரும்பிவந்தாள்.

"வந்தாச்சு சார்" என்றாள்.

அவர் நேரத்தைப் பார்த்து எழுதினார்.

கூடத்துச் சன்னலில் கைக்குட்டைப் பந்தல் மட்டும் இருந்தது. பத்துப் பத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தும், திண்டில் ஒரு கடுகு, ஒரு சீரகம் இல்லை. குழல்வாய்மொழி குனிந்து திண்டுக்குக் கீழே தரையில் தேடினாள். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய், அவர் காதருகே தன் காதை வைத்துக் கேட்டாள். வெகு உள்ளே, விடிந்தும் விடியாத நேரத்துத் தெருவில் கேட்பதைப் போல, விளக்குமாறுகளின் சத்தம். சர்ரு, சர்ரு, சர்ரு. நடுவே மேஸ்திரி யாரையோ அதட்டுகிற சத்தம். பேங்க் மேனேஜரிடம் போன ஐந்து பேரும் அடுத்த வாரம் திரும்பிவிட்டதாகவும், தூங்குகிற தலையில் பொழுது போகவில்லை என்று சொன்னதாகவும் மாடத்தி பிற்பாடு சொன்னாள். சங்கத்து ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அன்றைக்குச் சட்னி தாளிக்கும்போது, எண்ணெய் காய்ந்த பிறகு, கடுகைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று ஒரு தடவை கேட்டாள். ஒன்றும் கை தூக்கவில்லை. போட்டாள். நன்றாக வெடித்தது.

போனது போனதுதான், தங்கையின் கல்யாணம் திரும்பவில்லை, கிழமைகள் திரும்பவில்லை, குழல்வாய்மொழி என்ற பெயரும் திரும்பவில்லை. அந்தத் தெருவில் மட்டும் இன்றைக்கும் வீடு திரும்புகிறவர்கள் கதவருகே நின்று பதிந்துவிட்டுத்தான் போகிறார்கள். வெளியூர்க்காரர்கள் காரணம் கேட்டால், தண்ணீர் வடிவதற்கு என்று சொல்கிறார்கள். நோட்டு ஏழாவது நோட்டு ஆகிவிட்டது. முதல் நோட்டை, வட்டங்கள் போட்ட அந்த நீல நோட்டை, குழல்வாய்மொழி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதில் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், அவர் கையெழுத்தில், ஆவுடையாபுரம் வண்டி எட்டுப் பன்னிரண்டுக்குப் புறப்பட்டதாகவும் இரண்டு நிமிடம் தாமதம் என்றும் எழுதியிருக்கிறது. காரணக் கட்டத்தில் 'எஞ்சின் சூடு' என்று எழுதி, நேராக ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறது. பக்கத்தில், பென்சிலை அழுத்தி, 'டீச்சரம்மா' என்று எழுதியிருக்கிறது.